துண்டுக்குள் நடுங்கிய கை

டாக்டர் அதை மேசைமேல் வைத்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு தகர டப்பா, அதைச் செருகிக்கொள்ள முழங்கை மாதிரி வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். வாயில் வைத்து டப்பாவை அமுக்க வேண்டுமாம். அமுக்கும் அதே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமாம். மூச்சை இழுக்க முடியவில்லை என்று சேலம் வரைக்கும் பஸ் ஏறி வந்தவனிடம் இழு இழு என்று அவர் சொன்னது கிண்டல் போலத்தான் என் காதில் விழுந்தது.

"பீடியை எப்படி இழுத்தே? அந்த மாதிரி இழு," என்றார்.

நான் பீடியை விட்டு அப்போது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு வார்த்தையை நெஞ்சிலிருந்து நாக்குக்குக் கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் அதற்குமுன் அப்படி ஒரு சாமானை யாரும் பார்த்ததில்லை. இளைப்புக்கு மாத்திரை தெரியும், ஊசி தெரியும், ஆடாதொடைக் கஷாயம் தெரியும். எல்லாவற்றையும் நான் பார்த்து முடித்திருந்தேன். நுரையீரலில் காற்றுப் போகும் குழாய்கள் சுருங்கிவிட்டன, அவை இனிப் பழையபடி ஆகாது, இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பாதி பீடி செய்த வேலை, பாதி சந்தைப் புழுதி செய்த வேலை.

சந்தை என்றால் மாட்டுச் சந்தை. நான் மாட்டுத் தரகன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் எப்படித் தரகனாக இருக்க முடியும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். வேறு எதற்கும் லாயக்கில்லாமல்தான் தரகனானேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. பிடித்த பிடியோடு உள்ளங்கையில் ஒரு விரலால் தேய்த்தால் அதோடு அரை சேர்ந்தது என்று அர்த்தம். அது நூறா ஆயிரமா என்பது பக்கத்தில் நிற்கும் மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் எதுவும் காட்டாமல் நிற்பதுதான் தரகனுக்கு அழகு. எனக்கு அது பிறவியிலேயே வந்தது. பேச்சு வராதவன் என்று என்னை எங்கேயும் ஒதுக்கியவர்கள் சந்தையில், "அவன் கை சுத்தமான கை," என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பம்பு என்றுதான் அந்த டப்பாவுக்கு வீட்டில் பெயர் வைத்தோம், அது வந்த மறுநாள் காலையில் அடித்துப் பார்த்தேன். முதல் முறை மருந்து நாக்கிலேயே தங்கிவிட்டது, கசப்பு. உள்ளே போகவில்லை என்று நினைத்து மறுபடி அடித்தேன், இன்னும் ஒன்று அடித்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்துகொண்டது. அதை மறுக்க மாட்டேன். மாசக்கணக்கில் சாத்தியிருந்த கதவை யாரோ உதைத்துத் திறந்த மாதிரி இருந்தது. அதற்கு வட்டியாக நெஞ்சுக்குள் ஆயில் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. காபி டம்ளரை எடுத்தேன். டம்ளரும் டபராவும் ஒன்றோடு ஒன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டன.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, குளிருதுங்களா?"

சித்திரை மாசம் அது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். பெரிய நடுக்கம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியோப் பெட்டியின் மேல் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, அந்த அளவுதான். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் அதை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டான். நாளாக நாளாகத் தொண்டையும் கட்டிக்கொண்டது. இருக்கிற கொஞ்சம் பேச்சும் கரகரவென்று வந்தது.

சந்தையில் அந்தப் பம்பை எப்படி வெளியே எடுப்பது என்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியுமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே வைத்து அடிப்பேன். மறைக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். இரண்டாவது வாரமே பேச்சு கிளம்பிவிட்டது.

கிளப்பியவர் மீசைக்காரர். அவரும் தரகர், என்னைவிட மூத்தவர், பெரிய குரல், பெரிய கை. சந்தையில் பாதிக் கச்சாத்து, அதாவது விலை முடிப்பு, அவர் கையில்தான் நடக்கும். மீதியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது அவருக்குப் பிடிக்காது.

"ஏப்பா, துண்டுக்குள்ள தலைய உட்டுக்கிட்டு என்னத்தப்பா இழுக்கறே? கஞ்சாவா?"

"மருந்துங்க," என்றேன்.

"எல்லாரும் மருந்துன்னுதாஞ் சொல்றானுக. நானுங்கூடத்தான் சாயங்காலமானா மருந்து குடிக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாராயக் கடைக்குப் போகிறவர்கள் அதை மருந்து என்பது வழக்கம். வேறு வழியில்லாமல் பம்பை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது. கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருவர் மோந்து பார்த்தார். இன்னொருவர் வானத்தைப் பார்த்து ஒரு அடி அடித்தார். என் மருந்து வெயிலில் புகையாகப் போயிற்று.

"கெணத்துக்குத்தான் பம்பு செட்டுன்னு நெனச்சேன்," என்றார் மீசைக்காரர். "இவன் நெஞ்சுக்கே ஒன்னு மாட்டிக்கிட்டாண்டா. மோட்டாருக்குக் கரண்டு யாரப்பா குடுக்கறா, உம்பொண்டாட்டியா?"

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றைவிட ஒன்று நல்ல பதில். எதுவும் அந்த இடத்தில் வரவில்லை.

இவையெல்லாம் வெறும் கேலி. தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஆனி மாசத்தில் வந்தது.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து, சொந்தத் தோட்டத்தில் வெள்ளாமை பார்க்கிற ஒரு தோட்டக்காரர் ஒரு ஜோடி எருது கொண்டுவந்திருந்தார். பல வருஷமாக எனக்குப் பழக்கம். தன் பிள்ளையின் படிப்புச் செலவுக்காக விற்கிறார். "மூணுக்குக் குறையாமப் பாத்துக்குங்க, அதுக்கு மேல உங்க தெறமை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். வாங்க வந்தவர் ஆத்தூர் வியாபாரி, நெல் மில்லுக்கு வண்டி ஓட்டுகிறவர். புழுதி அன்று அதிகம். நான் காலையில் அடித்தது போதாமல், பேசப் போவதற்குச் சற்றுமுன் மறுபடி பம்பை அடித்திருந்தேன்.

துண்டைப் போட்டோம். நான் அதிகமாகக் கேட்டேன், அவர் குறைத்துக் கேட்டார். ஏறினோம், இறங்கினோம். கடைசியில் அவருடைய மூன்று விரல்களை இறுகப் பிடித்து நிறுத்தினேன். மூன்று, இதற்குக் கீழே இல்லை என்று அர்த்தம். அவர் என் முகத்தைப் பார்த்தார், எருதுகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டுக் கையைக் குலுக்கினார். கச்சாத்து முடிந்தது. கையை எடுத்த பிறகு எங்கள் சந்தையில் பேச்சு மாறாது.

நான் தோட்டக்காரரிடம் போய் மெதுவாக, "மூணுங்க," என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. அப்போது ஆத்தூர்க்காரர் வந்து நோட்டுகளை அவர் கையில் எண்ணிப் போட்டார். மூன்றாயிரம் போட்டு நிறுத்தவில்லை. மேலே ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளையும் போட்டார்.

தோட்டக்காரர் பணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இதென்னுங்க அஞ்சு நோட்டு அதிகமா இருக்குது?" என்று ஆத்தூர்க்காரரிடம் கேட்டார்.

"என்ன அதிகம்? மூணரைக்குத்தானே முடிச்சோம்?"

"இவரு மூணுன்னாருங்களே."

ஆத்தூர்க்காரர் என் பக்கம் திரும்பினார். "என்னாய்யா இது? மூணு விரலைப் பிடிச்சே, உள்ளங்கையிலே தேய்ச்சே. அரைன்னுதானே அர்த்தம்? உள்ளே ஒன்னு, வெளியே ஒன்னா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தேய்க்கவில்லை. நடுக்கம் தேய்த்திருக்கிறது. என் நடுவிரல் அவர் உள்ளங்கையில் பட்டு அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் அதை அரை என்று படித்துவிட்டார். டாக்டர் கொடுத்த மருந்து எனக்குத் தெரியாமல் என் கையால் விலை பேசியிருக்கிறது.

"தேய்க்கலீங்க, கை நடுங்குதுங்க," என்றேன். குரல் கரகரத்தது. நெஞ்சு வேறு அடித்துக்கொண்டது.

"கை ஏன் நடுங்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

"மருந்துனாலதாங்க."

அந்தச் சொல்லைச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம். மீசைக்காரர் எங்கிருந்துதான் வந்தாரோ, "இன்னைக்குக் காலையிலயே மருந்தா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தோட்டக்காரர் சிரிக்கவில்லை. "இத்தன வருசமா எவ்வளவு அரையப்பா முழுங்குனே?" என்று மட்டும் கேட்டார். கூடுதல் பணத்தை ஆத்தூர்க்காரரிடமே திருப்பி நீட்டினார். ஆத்தூர்க்காரர் வாங்க மறுத்தார், பேசியது பேசியதுதான் என்றார். இரண்டு யோக்கியர்கள் நடுவில் ஒரு திருடனாக நான் நின்றேன். பணத்தை யார் வைத்துக்கொண்டார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்குப் பெயர் மாறியிருந்தது. அரை. "வாங்க அரை." "அரை வந்தாச்சு, எல்லாரும் மடியப் பாத்துக்குங்க." டீக்கடையில், "அரைக்கு ஒரு அரை டீ போடுப்பா," என்றார்கள். அந்தக் காலத்தில் சுவர் சுவராக நரம்புத் தளர்ச்சிக்கு விளம்பரம் எழுதியிருப்பார்கள், வைத்தியர் இன்ன கிழமை சேலத்தில் இன்ன லாட்ஜில் தங்குவார் என்று. சந்தைப் பையன்களில் ஒருவன் அப்படி ஒரு நோட்டீசை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டான். வீட்டில் துவைக்க எடுத்த என் மனைவி அதைப் பிரித்துப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

பெயரை வைத்துக்கொள்ளட்டும். கையைக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம். நான் துண்டை எடுத்தால் எதிரில் இருப்பவர் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டார். "நீங்க வேண்டாமுங்க, வேற ஆளு வரட்டும்." மாடு கொண்டுவருகிறவர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு மீசைக்காரரிடம் போனார்கள். யாரும் கை கொடுக்காத தரகன் சந்தையில் நிற்கும் கம்பத்துக்குச் சமம். கம்பத்திலாவது மாட்டைக் கட்டுவார்கள்.

வாயால் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் துணிந்தேன். ஒரு கிடேரிக் கன்றுக்கு விலையைத் துண்டில்லாமல் சொன்னேன். கட்டிய தொண்டையிலிருந்து வந்தது எனக்கே கேட்கவில்லை. "என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க," என்றார் வாங்க வந்தவர். மறுபடி சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற இரண்டு தரகர்கள் என்மேல் பாய்ந்தார்கள். விலையை வெளிச்சத்தில் சொன்னால் அவர்கள் பிழைப்பு என்னாவது? ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அதோடு அந்த யோசனையும் போயிற்று.

அத்தனை கோபமும் அந்தத் தகர டப்பாவின் மேல் திரும்பியது. அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பம்பு அடிக்காமலே சந்தைக்குப் போனேன். கை நடுங்கவில்லை. விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டேன், கல் மாதிரி நின்றது. எல்லோரிடமும் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டுவதற்கு மூச்சு இருக்கவில்லை. மாடுகள் இறங்கும் மேட்டை ஏறுவதற்குள் மார்பில் பாறாங்கல் ஏறி உட்கார்ந்துகொண்டது. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். வாய் திறந்திருந்தது, காற்று வரவில்லை. பார்த்தவர்கள், "அரை காலையிலேயே முழுசா ஏத்திட்டாப்ல," என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தண்ணீர் கொடுக்க ஒருவனும் குனியவில்லை. லாரி டிரைவர்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று என்னைத் தூக்கி நகர்த்தி வைத்தான். பிறகு போகிற வழியில் வீட்டில் இறக்கிவிட்டான்.

என் மனைவி பானைக்குப் பின்னாலிருந்து பம்பை எடுத்து வந்தாள். துடைக்கக்கூட இல்லை. என் வாயில் திணித்து அவளே அமுக்கினாள்.

"கை நடுங்குனா நடுங்கிட்டுப் போவுது. நீங்க செத்துக் கெடந்தா எனக்கு யாருங்க துண்டு போட்டு வெல பேசுவாங்க? பாடைக்குப் பேசறதா, பந்தலுக்குப் பேசறதா?"

மூச்சு வந்ததும் நான் அவளைத் திட்டினேன். அவளும் திட்டினாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அன்றுதான்.

மறுபடியும் சேலம் போனேன். இந்த முறை சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் கையை நீட்டி, "இது நடுங்குதுங்க, இதாலதாங்க எம்பட பொழப்பு," என்று சொல்லி முடித்தேன்.

டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மருந்து அப்படித்தான் பண்ணும். மூச்சு வருதில்ல? பிறகென்ன? எத்தனை தடவை அடிக்கிறே?"

"உள்ள போவலைன்னா இன்னொன்னு அடிப்பனுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். என்னை அங்கேயே அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுக்கிய பிறகு இழுக்கிறேன், அதனால் பாதி தொண்டையிலேயே தங்கிவிடுகிறது, அதை ஈடுகட்ட அளவுக்கு மேல் அடிக்கிறேன், அதுதான் நடுக்கம் இவ்வளவு என்று திட்டிக்கொண்டே சொன்னார். மூச்சை முதலில் வெளியே விடு, இழுக்க ஆரம்பித்துக்கொண்டே அமுக்கு, கொஞ்சம் அடக்கி வை, பிறகு வாயைக் கொப்பளி. அடித்த சூட்டோடு வேலைக்கு ஓடாதே, கொஞ்ச நேரம் போகட்டும். நடுக்கம் பழகப் பழகக் குறையும், சிலருக்கு முழுசாகப் போகாது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நேரமில்லை என்றுதான் சொல்லியிருப்பார். வாசலில் அத்தனை பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னபடி செய்தேன். தொண்டை கொஞ்சம் தெளிந்தது. நெஞ்சுக்குள் ஓடிய இன்ஜின் அடங்கியது. கை நடுக்கம் குறைந்தது, போகவில்லை. டம்ளர் சத்தம் போடாத அளவுக்கு வந்தது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் உள்ளங்கை, டம்ளர் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிக்கும். எப்படியும் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. வாரா வாரம் சந்தைக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் அவர்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே என்ற வீம்புதான் என்னை நடத்திக்கொண்டு போயிற்று.

ஐப்பசியில் ராசிபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மாள் ஒற்றைக் காளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். புருஷன் இல்லை, தானே பண்ணையம் பார்க்கிறவர். வாட்டசாட்டமான காளை, நல்ல நடை. முதுகில் மட்டும் பாடைச் சுழி. அந்தச் சுழி இருக்கும் மாட்டை வாங்கினால் வீட்டில் சாவு விழும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். எந்தத் தரகரும் கயிற்றைத் தொடவில்லை. அந்த அம்மாள் சந்தை முழுவதும் சுற்றிவிட்டுக் கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்கும் இங்க யாரும் கை குடுக்கறதில்லையாமா?"

"ஆமாங்க."

"இதுக்கும் யாரும் வெல கேக்கலீங்க. புடிங்க கயித்த."

அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு மீசைக்காரர் ஒரு பண்ணைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பண்ணைக்காரருடைய ஜோடியில் ஒன்று செத்துப்போய்விட்டது, மிச்சமிருக்கும் காளைக்கு உயரமும் நிறமும் பொருந்த ஒன்று வேண்டும். சந்தை முழுவதும் தேடியும் பொருந்தியது இது ஒன்றுதான். சுழியைக் காட்டினேன், மறைக்கவில்லை. பண்ணைக்காரர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாவுதான் ஏற்கெனவே உழுந்திருச்சே, இனி என்ன? முடிச்சுக் குடுங்க," என்றார்.

மீசைக்காரருக்கு வேறு வழி இல்லை. காளை வேண்டுமானால் என் துண்டுக்குள் அவர் கை வர வேண்டும். நாலு பக்கமும் பார்த்தார். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"கயித்த எங்கிட்டக் குடுத்துட்டு நீ ஒதுங்கிக்க. நான் ரெண்டு பக்கமும் பேசிக்கறேன்."

"முடியாதுங்க," என்றேன்.

"உன் கைய எவன் நம்பறது? சும்மா புடிச்சாலே அரை அரைன்னு அடிச்சுக்கும்."

நான் துண்டை விரித்தேன். அவர் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று துண்டுக்குள் இரண்டு கைகளையும் விட்டார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். அது சாதாரணப் பிடி இல்லை. லாடம் அடிக்கும்போது மாடு உதைக்காமலிருக்கக் காலைப் பிடிப்பார்களே, அந்தப் பிடி. எலும்பு நெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப ஆட்டுடா பாக்கலாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

விரல்கள் நின்றுவிட்டன. கொஞ்சமிருந்த அதிர்வும் அவருடைய முரட்டுப் பிடிக்குள் அடங்கிப் போயிற்று. அவருடைய வலது கை விரல்களை நான் பிடித்தேன். அவர் குறைத்தார், நான் கூட்டினேன். சுழியைச் சொல்லிக் குறைப்பதுபோல் ஒரு விரலை மடக்கினார். பொருத்தத்தைச் சொல்லி நான் அதை நிமிர்த்தினேன். நாலைந்து மாசம் பேசாமல் கிடந்த கை, விட்ட இடத்திலிருந்து பேசியது. அவரை அந்த நிமிஷம் நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் விரல் ஒவ்வொன்றும் சொன்னதை அவர் பிசகாமல் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதை நானும் பிசகாமல் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் அவருடைய ஒற்றை விரலைப் பிடித்து நிறுத்தி, நான் வேண்டுமென்றே அவர் உள்ளங்கையில் ஒரு விரலால் அழுத்தித் தேய்த்தேன். ஒன்றரை. இந்த முறை தேய்த்தது நான்.

அவர் என்னை முறைத்தார். பண்ணைக்காரர் பொறுமை இழந்து, "ஆச்சா, ஆவலையா?" என்றார். மீசைக்காரர் கையைக் குலுக்கி விட்டார். நான் அந்த அம்மாளிடமும், மீசைக்காரர் பண்ணைக்காரரிடமும் திரும்பி ஒரே நேரத்தில் விலையைச் சொன்னோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கூட்டத்தில் யாரோ, "அட, அரை முழுசாயிட்டானப்பா," என்றான்.

மீசைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. துண்டை என் மேல் எறிந்துவிட்டுச் சந்தைக்கே கேட்கும்படி கத்தினார்: "இனி இவங்கிட்டப் பேசறவன் ரெண்டு கையோட வாங்கடா! ஒன்னு வெலைக்கு, ஒன்னு நடுக்கத்துக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அந்த அம்மாள் பணத்தை முடிந்துகொண்டு, நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல் போனார்.

மீசைக்காரர் கேலிக்குச் சொன்னதைச் சந்தை அப்படியே பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ஒரு கறவை மாட்டுக்காக என்னிடம் வந்தவர் துண்டுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். திருடனைப் பிடிக்கிற மாதிரி, மருந்து கொடுக்கப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி, ஆளுக்கு ஆள் ஒரு பிடி. ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையை உதறிவிட்டுப் போய்விடலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. காலையில் பம்பு, கொப்பளிப்பு, கொஞ்சம் இடைவெளி, பிறகு சந்தை, சந்தையில் இந்தப் பிடி. இதுதான் என் வாழ்க்கை என்று ஆகிவிட்டது.

தை மாசத்துச் சந்தையில் ஆத்தூர் வியாபாரி வந்தார். அந்த அரைக்குப் பிறகு அவர் என்னிடம் வந்ததில்லை. இப்போதும் முகத்தில் சிரிப்பில்லை. பழைய நடப்பைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. எருதைச் சுற்றிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், என் எதிரில் வந்து நின்றார். நான் துண்டை விரித்தேன். அவர் ஒரு கையை மட்டும் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைத் தொட்டார். தொட்டதோடு சரி, பிடி இல்லை. என்னைப் பிடிக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

என் விரல் அவர் உள்ளங்கையில் மெல்ல அதிர்வது எனக்கே தெரிந்தது.

"சும்மா இறுக்கிப் புடிங்க," என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.